பூசணிக்காய்க்கு ஒரு பூத முகம்

(மூன்றாமாண்டு மாணவர், சிவில் பிரிவு)

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது" என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். கல்லால் பட்ட காயம் ஆறிவிடும், பொறாமைக் கண்ணால் பட்டது ஆறாது என்பது இதன் பொருள். இதை நம்புகிறவர்களும் உண்டு, கேட்டுச் சிரிக்கிறவர்களும் உண்டு. ஆனால் நம்புகிறவர் வீடோ சிரிக்கிறவர் வீடோ, நம்ம திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கட்டிடம் எழும்பும் இடத்தில் ஒரு பூசணிக்காய் தொங்காமல் இருப்பது அபூர்வம். முழி பிதுங்கி, மீசை முறுக்கி, கோரைப்பல் தெரிய, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அது ரோட்டில் போகிறவரை முறைக்கும். சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு அம்மா முந்தானைக்குள் ஒளிஞ்சுக்கும்.

நண்பர்களே! எங்கள் சிவில் பிரிவில் கான்கிரீட் கலவை, சர்வே, எஸ்டிமேட் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். பூசணிக்காய் மட்டும் சிலபஸில் இல்லை. எங்க அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்க வீட்டிலிருந்து படிக்க வந்த முதல் ஆள் நான்தான். லீவு நாட்களில் அப்பாவோடு சைட்டுக்குப் போவேன். சைட்டில் பூசணிக்காய்க்கு முகம் எழுதுகிற வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். "நீதான் டிராயிங் படிக்கிற பையனாச்சே, எழுது தம்பி" என்பார் மேஸ்திரி. அந்த அனுபவத்தையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பூசணி?

பூசணியில் நமக்குத் தெரிந்தது இரண்டு வகை. ஒன்று வெள்ளைப் பூசணி. மேலே சாம்பல் பூசினாற்போல் இருப்பதால் சாம்பல் பூசணி என்றும், கல்யாணச் சமையலில் இடம்பிடிப்பதால் கல்யாணப் பூசணி என்றும் சொல்வார்கள். இது ஆசியாவிலேயே பிறந்து வளர்ந்த காய். மற்றொன்று மஞ்சள் பூசணி. நம்ம பக்கம் பறங்கிக்காய், கோயமுத்தூர் பக்கம் அரசாணிக்காய். இதன் பூர்வீகம் அமெரிக்கா. 1492-ல் கொலம்பஸ் போய் வந்த பிறகுதான் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கோடு இதுவும் கடல் தாண்டி வந்தது. பறங்கியர் கொண்டுவந்ததால்தான் பறங்கிக்காய் என்று பெயர் வந்தது என்பார்கள். இன்றைக்கு அது நம்ம பொங்கல் குழம்பிலும் மார்கழிக் கோலத்துச் சாணி உருண்டை மேலும் உட்கார்ந்துவிட்டது. வந்தவன் வீட்டுக்காரன் ஆன கதைதான்!

திருஷ்டிக்கு நாம் எடுப்பது வெள்ளைப் பூசணியைத்தான். அதற்குக் காரணங்கள் உண்டு. ஒன்று, வெளிறிய தோலில் எந்தக் கலரும் எடுப்பாகத் தெரியும். இரண்டு, மேலே இருக்கும் அந்தச் சாம்பல் உண்மையில் சாம்பல் இல்லை, மெழுகு. காய் தனக்குத்தானே போட்டுக்கொண்ட ரெயின்கோட். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகாது, வெளியே இருக்கும் ஈரமும் பூஞ்சையும் சுலபமாக உள்ளே போகாது. அதனால் முற்றின காய், காய்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். மூன்றாவது காரணம் பெரியவர்கள் சொல்வது. அந்தக் காலத்தில் ஆடு கோழி பலி கொடுத்த இடத்தில், உயிர்ப்பலி வேண்டாம் என்று பூசணிக்காயை வைத்தார்கள். உள்ளே வைக்கிற சிவப்புக் குங்குமம் ரத்தத்துக்கு அடையாளம்.

சீமையில் ஒரு சொந்தக்காரன்

இப்படிக் காய்க்கு முகம் வைத்துப் பயமுறுத்துவது நம்ம ஊரில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அக்டோபர் 31-ந் தேதி ராத்திரி 'ஹாலோவீன்' கொண்டாடுகிறார்கள். அது சகல புனிதர் திருநாளுக்கு முந்தின இரவு. மறுநாள் நவம்பர் 1 புனிதர் திருநாள், அதற்கு அடுத்த நாள் கல்லறைத் திருநாள். நவம்பர் 2 அன்று நம்ம திருச்சிக் கல்லறைத் தோட்டங்களில் கிறிஸ்தவ நண்பர்கள் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹாலோவீனும் அதே வரிசையில் வருகிற நாள்தான்.

அன்று ராத்திரி கெட்ட ஆவிகள் சுற்றும் என்று அயர்லாந்துக்காரர்கள் நம்பினார்கள். டர்னிப் என்கிற கிழங்கைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே நெருப்பு வைத்து வாசலில் வைத்தார்கள். 1845-ல் அங்கே உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது லட்சக்கணக்கான பேர் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். அங்கே போனால் டர்னிப்பைவிடப் பெரிய, குடையச் சுலபமான மஞ்சள் பூசணி கிடைத்தது. பழைய பழக்கம் புதுக் காய்க்கு மாறிவிட்டது. பிழைக்கப் போன ஏழைகளோடு போன வழக்கம் இன்று உலகம் பூராவும் தெரிகிறது.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். அவர்கள் தோலை வெட்டிவிடுகிறார்கள். வெட்டின இடத்தில் பூஞ்சை பிடித்து, ஒரு வாரத்துக்குள் முகம் சுருங்கிவிடும். நம்ம வெயிலுக்கு மூன்று நாள் தாங்கினால் அதிகம். நம்மவர்கள் தோலைத் தொடாமல் மேலே வர்ணம்தான் அடிக்கிறார்கள். அதனால்தான் நம்ம பூதத்துக்கு ஆயுசு ஜாஸ்தி!

தேவையான பொருட்கள்

முற்றின வெள்ளைப் பூசணி ஒன்று (நாலைந்து கிலோவுக்குள்); எனாமல் பெயிண்ட் கறுப்பு, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கொஞ்சம் கொஞ்சம்; இரண்டு பிரஷ்; கரித்துண்டு; நூல்; பழைய துணி; சோப்புத் தண்ணீர்; நல்ல தேங்காய் நார்க் கயிறு. பெயிண்டுக்குக் காசு இல்லையென்றால் சைட்டிலேயே எல்லாம் கிடைக்கும். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, சிவப்புக்குக் காவி, கறுப்புக்கு அரைத்த கரி. மழையில் கரையும், அவ்வளவுதான்.

காய் வாங்கக் காந்தி மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போனால் நல்லதாகப் பொறுக்கலாம். நகத்தால் அழுத்தினால் நகம் இறங்கக்கூடாது. காம்பு ஒடியாமல் இருக்கணும். அடிபட்ட இடம், மெத்தென்ற இடம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அமாவாசைக்கு முதல் நாளும் ஆயுத பூஜை சமயத்திலும் விலை ஏறும். ரெண்டு நாள் முன்னாடியே வாங்கி வைத்தால் காசு மிச்சம்.

செய்முறை

முதல் வேலை சாம்பலைத் துடைப்பது. மெழுகு மேலே பெயிண்ட் ஒட்டாது, காய்ந்ததும் தோல் தோலாக உரிஞ்சு வந்துவிடும். காய்ந்த துணியால் ஒரு தடவை, சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் ஒரு தடவை துடைத்து நிழலில் காய வையுங்கள். முகம் வரும் பக்கத்தை மட்டும் துடைத்தால் போதும். பின்பக்கத்து மெழுகை விட்டுவிட்டால் காய் நிறைய நாள் தாங்கும்.

இரண்டாவது, மையக்கோடு. காயைக் காம்பு மேலாக நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டுக் கரியால் ஒரு நேர்கோடு போடுங்கள். இந்தக் கோடுதான் மூக்கு. இதற்கு இரண்டு பக்கமும் சம தூரத்தில் கண். டிராயிங் வகுப்பில் சொல்லித்தந்த சமச்சீர் இங்கே உதவும். உயரத்தை நூலால் அளந்து மூன்றாக மடியுங்கள். மேல் பாகம் நெற்றியும் புருவமும், நடுப் பாகம் கண்ணும் மூக்கும், கீழ்ப் பாகம் வாயும் நாக்கும்.

மூன்றாவது, வர்ணம். முதலில் வெளிர் கலர், கடைசியில் கறுப்பு. கண்ணுக்குப் பெரிய வெள்ளை வட்டம், அதற்குள் சின்னக் கறுப்பு முழி. முழி சின்னதாக இருந்தால்தான் வெறிச்சுப் பார்க்கிற மாதிரி இருக்கும். பெரிசாகப் போட்டால் கன்னுக்குட்டி மாதிரி சாதுவாகிவிடும். வெள்ளையில் சிவப்பாக நாலு நரம்பு. புருவம் நடுவில் இறங்கி ஓரத்தில் ஏறணும், அதுதான் கோபம். மீசையை மேல்நோக்கி முறுக்குங்கள். வாய் அகலமாக, பல் சமமில்லாமல், இரண்டு கோரைப்பல் மட்டும் நீளமாக. நாக்கு சிவப்பாக அடி வரைக்கும் தொங்கட்டும். ஒவ்வொரு கலரும் காய்ந்த பிறகுதான் அடுத்தது.

ஹாலோவீன் மாதிரி விளக்கு முகம்தான் வேண்டும் என்கிறவர்கள் பறங்கிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். காம்புப் பக்கம் மூடி மாதிரி அறுத்து, குடலையும் விதையையும் வழித்தெடுத்து, சதையைக் கூட்டுக்கு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முகத்தை வெட்டி உள்ளே ஒரு சின்ன எல்.இ.டி. பல்பை வைத்தால் ராத்திரியில் ஜோராக இருக்கும். விதையைக் காயவைத்து வறுத்தால் ஹாஸ்டலில் ஒரு நிமிஷம் நிற்காது!

தொங்கவிடுவதில் கவனம்

இங்கேதான் நம்ம ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். காம்பிலே கயிற்றைக் கட்டித் தொங்கவிடுவது தப்பு. காம்பு காய்ந்ததும் கழன்று வந்துவிடும். உறி கட்டித்தான் தொங்கவிடணும். இரண்டு கயிற்றைக் கூட்டல் குறி மாதிரி குறுக்கே வைத்து நடுவில் முடிச்சுப் போட்டு, அதன் மேல் காயை வைத்து, நாலு இழையையும் மேலே கொண்டுவந்து சேர்த்துக் கட்டுங்கள். இடுப்பு மட்டத்தில் ஒரு கயிறு பின்பக்கமாகச் சுற்றி இழைகளைப் பிணைத்துவிட்டால் நழுவாது. முகம் இரண்டு இழைக்கு நடுவில் வரும்படி முதலிலேயே குறித்துக்கொள்ளணும்.

ஒரு சின்னக் கணக்கு. 5 கிலோ காய் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு சுமார் 7.7 மீட்டர். அதாவது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். கீழே சித்தாள் தலையில் செங்கல் சுமந்து போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதனால் ஆள் நடக்கிற வழிக்கு நேர் மேலே கட்டாதீர்கள். சாரத்தின் ஓரத்திலோ தூணின் பக்கத்திலோ, ரோட்டைப் பார்த்து இருந்தால் போதும்.

அமாவாசைக்கு அமாவாசை பழைய காயை எடுத்துவிட்டுப் புதுசு கட்டுகிற வழக்கம் கடைகளில் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் இது நல்ல மெயின்டனன்ஸ் ஷெட்யூல். காய் அழுகினால் அடிப்பக்கம் முதலில் மெத்தென்று ஆகி நீர் கசியும், பிறகு உறியை விட்டு நழுவி விழும். கயிறும் வெயில் மழையில் இத்துப்போகும். மாதம் ஒரு தடவை காயையும் கயிற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் ஆபத்து இல்லை. சாஸ்திரமோ என்னவோ, என்ஜினியரிங் சரியாக இருக்கிறது.

ஆயுத பூஜையும் ரோடும்

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். தொங்குகிற பூசணி ஒரு ரகம் என்றால், உடைக்கிற பூசணி இன்னொரு ரகம். ஆயுத பூஜை அன்று பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து தெருமுனை சைக்கிள் கடை வரை பூஜை நடக்கும். மெஷினைக் கழுவி, பொட்டு வைத்து, பொரி கடலை படைத்து, கடைசியில் பூசணிக்காய். மேலே சதுரமாக ஒரு துண்டு வெட்டி எடுத்து, உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் போட்டு, மூடி, மேலே கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, நடுரோட்டில் ஒரே போடு! சிலர் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஊற்றுவார்கள். மஞ்சளில் இருக்கும் பொருள் சுண்ணாம்பின் காரத்தில் சிவப்பாக மாறும். ஆரத்தித் தட்டு சிவப்பாவதும் இதே கெமிஸ்ட்ரிதான்.

உடைந்த பிறகு என்ன ஆகிறது? வெள்ளைப் பூசணியின் சதையில் நூற்றுக்கு 96 பங்கு தண்ணீர். 5 கிலோ காய் ஒன்று உடைந்தால் நாலு லிட்டருக்குக் குறையாத நீர், கொழகொழவென்று சதை, வழுக்குகிற விதை. இதெல்லாம் தார் ரோட்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு படலமாக நிற்கிறது. காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.7. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்தால் சுமார் 9 மீட்டரில் நிற்கும். அதே கெழு 0.2 என்று குறைந்துவிட்டதாக வைத்துக்கொண்டால் 31 மீட்டருக்கு மேல் ஓடும். அவ்வளவு தூரத்துக்குப் பூசணி கிடக்காது, வாஸ்தவம்தான். ஆனால் டூவீலர் சாய ஒரு அடி போதும். முன்சக்கரம் பிடிப்பை விட்ட அடுத்த விநாடி ஆள் தரையில் கிடப்பார். காரில் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது. விழுகிறவர் சைக்கிளிலும் மொபெட்டிலும் போகிறவர்தான்.

நான் பத்தாவது படிக்கும்போது ஆயுத பூஜைக்கு மறுநாள் விடியற்காலை, அப்பா மொபெட்டில் சைட்டுக்குக் கிளம்பினார். இன்னும் முழுசாக வெளிச்சம் வரவில்லை. ஒரு கடைக்கு முன்னால் ரோட்டில் உடைத்த பூசணி அப்படியே கிடந்திருக்கிறது. வண்டி சறுக்கி, வலது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சது. கொத்தனாருக்கு வலது கைதான் கரண்டி பிடிக்கிற கை. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் வீட்டில் அம்மா சம்பளம் மட்டும்தான். நோட்டுப் புத்தகம் வாங்க அம்மா தோட்டை அடகு வைத்தார்கள். அப்பா யாரையும் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அவங்க கடைத் திருஷ்டி கழிஞ்சிருச்சுப்பா. ரோட்டுல கெடந்து நம்ம மேல ஒட்டிக்கிச்சு."

இந்த வார்த்தையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். திருஷ்டி கழிப்பது எதற்கு? நமக்கும் நம்மைச் சேர்ந்தவர்களுக்கும் தீங்கு வரக்கூடாது என்பதற்கு. அதைச் செய்யப்போய் யார் பெத்த பிள்ளையோ கீழே விழுந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? உள்ளே போட்ட காசைப் பொறுக்கச் சின்னப் பசங்கள் வண்டிக்குக் குறுக்கே பாய்வதையும் பார்த்திருப்பீர்கள். மறுநாள் காலையில் இதையெல்லாம் குனிந்து கூட்டி அள்ளுகிற தூய்மைப் பணியாளர்களையும் யாரும் நினைப்பதில்லை.

ரோட்டில் உடைக்காதீர்கள் என்று தமிழ்நாட்டு நகரங்களில் போலீசார் வருஷா வருஷம் கேட்டுக்கொள்கிறார்கள். சட்டமும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவுப்படி, பொதுவழியில் ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாக்கினால் 5,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட மனசு வந்து செய்வது மேல்.

என்ன செய்யலாம்?

பூசணி உடைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கை அவரவர் விருப்பம். என் வேண்டுகோள் நாலுதான்:

1. கடை வாசல் படியிலோ, காம்பவுண்டுக்குள்ளேயோ, மண்தரையிலோ உடையுங்கள். ஒரு பழைய சாக்கு விரித்து அதன் மேல் உடைத்தால் அள்ளுவதும் சுலபம்.

2. உடைத்த கையோடு அள்ளுங்கள். "திருஷ்டி கழித்ததைத் தொடக்கூடாது" என்று சிலர் தயங்குவார்கள். கையால் தொட வேண்டாம், துடைப்பமும் முறமும் இருக்கிறதே! அள்ளின பிறகு ஒரு கூடை மணலைப் போட்டுத் தேய்த்துக் கூட்டினால் வழுவழுப்பு போய்விடும்.

3. காசை உள்ளே போடாதீர்கள். பூஜை முடிந்ததும் கேட்கிற பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

4. பெயிண்ட் அடித்த காயை ஆடு மாடுகளுக்குப் போடாதீர்கள். மஞ்சள் குங்குமம் மட்டும் வைத்த காய் என்றால் குழி தோண்டிப் புதைத்தால் நல்ல உரம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நடுரோட்டில் கிடக்கிற பூசணியையும் மறைக்க முடியாது. ஆனால் எல்லோரும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறோம்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் மூன்றாமாண்டு மாணவர்கள் கடைசிப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருப்போம். அடுத்த ஆயுத பூஜைக்கு நம்ம ஒர்க்‌ஷாப்பில் பூசணிக்காய் உடைக்கும்போது நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். தம்பி தங்கைகளே, அந்தக் காய்க்கு நல்ல பயங்கரமான முகமாக எழுதுங்கள். கேட்டுக்கு வெளியே ரோட்டுக்குக் கொண்டுபோகாமல், ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் மண்தரையில் உடையுங்கள். மாணவர் பேரவை சார்பில் இரண்டு துடைப்பமும் ஒரு கூடை மணலும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அன்றைக்கு நம்ம கேட்டு வழியாக வண்டியில் போகிறவர் யாரோ ஒரு வீட்டுக்கு அப்பாவாக இருப்பார். அவர் பத்திரமாக வேலைக்குப் போய்ச் சேரட்டும்.